ஹெர் ஷ்டூடரின் பித்தளைக் கோதுகள்

இது எண்பத்தெட்டாம் ஆண்டு நடந்தது என்றுதான் நினைக்கிறேன், எண்பத்தொன்பதாகவும் இருக்கலாம். தவராஜாவிடம் ஒருமுறையும் அவர் மனைவி ஞானேஸ்வரியிடம் இன்னொரு முறையும் இதைத் தனித்தனியே கேட்டிருக்கிறேன். கதையில் வரும் பழம் செரி என்றார் தவராஜா. பிளம்ஸ் என்றார் ஞானேஸ்வரி. இரண்டையும் சேர்த்துக் கட்டும்போது எதை நானாகக் கூட்டினேன், எதைத் தவறவிட்டேன் என்பது இப்போது எனக்கே நிச்சயமில்லை. புளி விஷயத்தில் மட்டும் இருவருக்கும் வேறுபாடு கிடையாது. ஆகவே அதை நம்பலாம்.

தவராஜா ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். சுவிஸில் ஓல்டனுக்கு வந்து ரயில் நிலையத்துக்கு அருகே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். குடியிருந்தது ஆற்றுக்கு அப்பால் ஹெர் ஷ்டூடர் என்பவரின் வீட்டு மேல்தட்டில். ஷ்டூடர் ரயில்வே பட்டறையில் பொருத்துநராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நெடுங்காலம். பேச்சு மிகக் குறைவு. படியில் எதிர்ப்பட்டால் தொப்பியை ஒரு விரலால் தொடுவார், அவ்வளவுதான். தவராஜாவுக்கும் அது வசதியாக இருந்தது. அவருடைய ஜெர்மன் அந்தத் தொப்பிக்கு மேல் போதாது.

ஒருநாள் நிலவறையில் ஏதோ சிந்திய சத்தமும் அதைத் தொடர்ந்து ஒரு கெட்ட வார்த்தையும் கேட்டன. தவராஜா இறங்கிப் போனார். கிழவர் முழங்காலில் நின்று, கொத்தமல்லி விதை அளவேயான செப்புக் கிண்ணிகளைத் தரையிலிருந்து பொறுக்க முயன்றுகொண்டிருந்தார். வாதம் பிடித்த விரல்கள். எடுத்தால் நழுவின, நழுவினால் உருண்டன. தவராஜா பக்கத்தில் குந்தி, விரல் நுனியை ஈரமாக்கி, ஒன்றொன்றாக ஒற்றி எடுத்துக் கொடுத்தார். கடைசிக் கிண்ணியைக் கொடுத்த பிறகுதான் அவை என்னவென்று விளங்கிற்று. மேசையில் வரிசையாக நின்றவை துவக்குக் கோதுகள், சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூடுகள்; கிண்ணிகள் அவற்றின் அடியில் பொருத்தும் வெடிமூடிகள்.

அவர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறார். அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஷ்டூடர் இலக்குச் சுடுபவர். இராணுவத் துவக்கல்ல, நீண்டு கனத்த போட்டித் துவக்கு, மெல்லிய ஆறு மில்லிமீட்டர் சன்னம். படுத்துத் தோல்வாரை இழுத்துக்கொண்டால் குறி பார்க்கவும் விசையைத் தொடவும் அந்த விரல்களால் இன்னும் முடிந்தது. கோதில் வெடிமருந்து இட்டு வாயில் சன்னத்தைச் செருகிக் குண்டு நிரப்பத்தான் முடியவில்லை. கடையில் விற்கும் குண்டுகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு விருப்பம் உண்டு, அதை அதனிடமே கேட்டுத்தான் அறியவேண்டும் என்பார். அதற்குப் பிறகு புதன்கிழமை மாலைகளில் கேட்டவர் ஷ்டூடர், செய்து பார்த்தவர் தவராஜா.

கேட்பது மெதுவான வேலை. வெடிமருந்து செய்பவரின் புத்தகம் ஓர் எல்லை சொல்லும். அதற்குள் நின்றுகொண்டு மருந்தை மயிரிழை மயிரிழையாக மாற்றவேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து குண்டு. மருந்தை மாற்றும்போது சன்னம் இறங்கும் ஆழத்தைத் தொடக்கூடாது. ஆழத்தை மாற்றும்போது மருந்தைத் தொடக்கூடாது. "ஒரு நேரத்தில் ஒன்று," என்பார் ஷ்டூடர். அன்று மாலை முழுவதற்கும் அது ஒன்றே பேச்சாக இருக்கும். தராசின் முள் நிற்கும்வரை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். சனிக்கிழமை கிழவர் சுடுமேட்டிலிருந்து தான் சுட்ட இலக்குக் கடதாசியைக் கொண்டுவருவார். பனிக்காலம் முடியும் தறுவாயில் ஐந்து ஓட்டைகளையும் ஒரு கோப்பிக் கப்பைக் கவிழ்த்து மறைக்க முடிந்தது. முந்நூறு மீட்டர் தூரத்தில் அது பெரிய விஷயம். கிழவர் கப்பை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

உணவகத்தில் கூட வேலை செய்த மகேஸ்வரனிடம் தவராஜா இதைச் சொன்னபோது அவன் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தான்.

"மச்சான், வெடிக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனி. இஞ்சை வந்து வெடி செய்யிறியோ? பொலிசு அறிஞ்சால் உன்ரை படம் பேப்பரிலை முதல் பக்கத்திலை வரும்."

"கிழவற்றை சாமான், கிழவர் பக்கத்திலைதான் நிக்கிறார். சட்டப்படிதான்."

"படம் போடுறவன் கிழவரையோ போடுவான்? உன்னைத்தான் போடுவான். மீசையும் வடிவாய் இருக்குது."

சித்திரையில் ஞானேஸ்வரி வந்து சேர்ந்தார். ஐந்து ஆண்டுப் பிரிவு. கல்யாணம் முடிந்து சேர்ந்திருந்த காலத்தைவிட அது நீளம். யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தோடு நடந்த ஐப்பசிச் சண்டையில் அவர் கொக்குவிலில் ஒரு குசினிக்குள் நாட்கணக்காகப் படுத்துக் கிடந்தவர். அவருடைய தமையன் பின்வளவில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்து விடப்போனவர், திரும்பி வரவில்லை. எங்கிருந்தோ வந்த சன்னம். யாருடையதென்று கடைசிவரை தெரியாது.

அவர் வந்த முதற் சனிக்கிழமை மத்தியானம் ஆற்றுக்கு அக்கரையில் சூடு தொடங்கிற்று. ஞானேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு நிலத்தில் விழுந்து கணவரின் காற்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"படுங்கோ! என்ன நிண்டு பாக்கிறியள், படுங்கோ!"

"ஞானம், ஒண்டுமில்லை. இது விளையாட்டு. இஞ்சை சனி எண்டால் சுடுவினம்."

"விளையாட்டோ? ஆருக்கு?"

தவராஜா பக்கத்தில் படுத்தார். லினோலியம் தரை குளிர்ந்தது. அவர் தோளில் ஞானேஸ்வரியின் நெற்றி அழுந்தியிருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பற்றிக்கொண்டிருந்த கை, புதன்கிழமை தராசில் மருந்து நிறுத்த கை. அது தெரிந்தால் அவள் இந்தக் கையை மறுபடி பிடிப்பாளா என்று அவர் நினைத்தார். அந்த எண்ணம் வந்தபின் வாய் திறக்கவில்லை. அடுத்த சனியும் திறக்கவில்லை. புதன்கிழமைகளில், "கிழவருக்குக் கீழை கொஞ்சம் ஒத்தாசை," என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஏறிவந்து சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினார்.

"கீழை என்ன, எண்ணெய்ச் செக்கோ வச்சிருக்கிறார் மனுசன்?" என்று ஒருநாள் ஞானேஸ்வரி கேட்டார்.

"பழைய இரும்புச் சாமான்," என்றார் தவராஜா. அது பொய்யும் அல்ல, மெய்யும் அல்ல.

செரி பழுத்த காலத்தில் (நான் செரி என்றே வைத்துக்கொள்கிறேன்) ஷ்டூடர் ஒரு பீங்கான் கோப்பை நிறையப் பழம் கொண்டுவந்து மேல்வீட்டு வாசலில் வைத்தார். மூன்று நாளாயும் அந்தக் கோப்பை ஞானேஸ்வரியின் குசினியிலேயே இருந்தது. வெறுங்கோப்பையைத் திருப்பிக் கொடுப்பது எப்படி? ஏதாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும். வடை சுட்டால் கிழவர் தின்பாரா, அவருடைய வயிறு தாங்குமா என்று தெரியவில்லை. அந்த யோசனையோடுதான் தன்னுடைய முறை வந்த அன்று உடுப்புத் தோய்க்க நிலவறைக்கு இறங்கினார். தோய்க்கும் தொட்டியில் ஒரு தட்டு. தட்டில் சவர்க்காரத் தண்ணீருக்குள் பித்தளைக் கோதுகள். இன்னவை என்று பார்த்த உடனே தெரிந்தது. ஊரில் தெருவெல்லாம் கிடந்தவைதானே. ஒரு துவாயால் மூடிவிட்டு உடுப்பைத் தோய்த்தார். போகும்போது துவாயை எடுக்கவேண்டியிருந்தது. கிழவர் ஒருகாலத்தில் ஆமியில் இருந்திருப்பார், அந்த நாளைய சாமான் என்று நினைத்தார். பித்தளை வாயெல்லாம் கறுத்துக் கிடந்தது. பித்தளை கறுத்துக் கிடந்தால் ஞானேஸ்வரியின் கை சும்மா இராது. மேலே போய், ஊரிலிருந்து போத்தலில் அடைத்துக் கொண்டுவந்த பழப்புளியை எடுத்து வந்தார். ஒவ்வொரு கோதையும் வெளியே தேய்த்து, உள்ளே துணித்திரி விட்டு உருட்டி, மூன்று தண்ணீரில் அலசி, வெயில் விழும் யன்னலில் கவிழ்த்து வைத்தார். கிழவருக்குக் கோப்பையோடு கொடுக்க ஒன்று கிடைத்தது என்ற நிறைவோடு, கழுவிய கோப்பையையும் அருகில் வைத்துவிட்டுப் போனார். புளி முழுவதும் முடிந்தது.

அந்தப் புதன்கிழமை ஷ்டூடரும் தவராஜாவும் மேசைக்கு இருபுறமும் நின்று பார்த்தார்கள். கோதுகள் கோயில் விளக்குப்போல மினுங்கின. தவராஜா நினைத்தார்: அந்த நோகிற விரல்களால் இதைச் செய்திருக்கிறாரே, எத்தனை நாள் பட்ட பாடோ. இதைப் பற்றி நான் கேட்டால் விரல்களைப் பற்றிக் கேட்டதாகும். ஷ்டூடர் என்ன நினைத்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். தவராஜா தராசின் முன் அமர்ந்தார்.

சனிக்கிழமைக் கடதாசியை மறைக்கக் கோப்பிக் கப் போதவில்லை. சோற்றுத் தட்டு வேண்டியிருந்தது.

அடுத்த கிழமை தவராஜா ஒவ்வொரு நிறையையும் இருமுறை நிறுத்தார். பலனில்லை. சன்னத்தின் ஆழத்தை ஒரு மயிரளவு மாற்றினார்கள். பலனில்லை. ஒன்றை மட்டும் மாற்று என்று ஓயாமல் சொன்ன கிழவருக்கும், அதைக் கேட்டுப் பழகியவருக்கும், மாறியிருந்த அந்த ஒன்று மேசையில் பளபளவென்று கண்ணைப் பறித்துக்கொண்டுதான் இருந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை. புரட்டாதியில் மாநிலப் போட்டி. அந்த ஆண்டு அது அவர்களுடைய சுடுமேட்டிலேயே நடக்க இருந்தது. தன் கைதான் பிசகிவிட்டது என்று தவராஜா முடிவுகட்டினார். மனைவிக்கு ஒளித்துச் செய்கிற கை, எப்படி நேராய் நிற்கும்?

ஒரு ஞாயிறு மத்தியானம் ஞானேஸ்வரி மீன்குழம்பு வைத்தார். தவராஜா ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன ஞானம், எலுமிச்சம்பழமோ விட்டனீர்?"

"வேறை என்ன செய்ய? பழப்புளி முடிஞ்சு போச்சு."

"ஒரு போத்தில் கொண்டு வந்தனீர் எல்லோ? குடிச்சனீரோ?"

"ஓம், குடிச்சனான். வீட்டுக்காரக் கிழவற்றை பித்தளையை மினுக்கினன். பழம் தந்த மனுசனுக்கு வெறுங்கோப்பையைக் குடுக்கேலுமோ? உள்ளுக்கும் திரி விட்டு வடிவாய் மினுக்கிக் குடுத்தனான்." பிறகு சற்றுத் தயங்கி, ஆசையோடு கேட்டார்: "கிழவர் ஏதும் சொன்னவரோ? சந்தோசப்பட்டவரோ?"

தவராஜாவின் கை சோற்றில் நின்றது. ஒரே கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அவர் கை பிசகவில்லை. இனி ஷ்டூடரிடம் ஒரு வார்த்தை போதும், காரியம் சரியாகிவிடும். ஞானத்துக்குத் தெரியவேண்டியதே இல்லை. "ஓம், நல்லாய்ச் சந்தோசப்பட்டவர்" என்று சொல்லிச் சாப்பிட்டு முடிக்கலாம். அவள் அந்த மறுமொழிக்காகத்தான் முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள். இந்த நாட்டில் அவள் ஒருவருக்குக் கொடுத்த முதற் பொருள் அது.

"ஞானம்," என்றார். "அந்தக் கோதுகளிலை மருந்து நிரப்புறது நான்தான்."

ஞானேஸ்வரி விளங்காதவர்போலப் பார்த்தார். பிறகு பார்வை மெல்ல இறங்கி அவருடைய கைக்கு வந்தது. சோறு ஒட்டிய கை.

"எவ்வளவு காலமாய்?"

"நீர் வாறதுக்கு முதலே."

"அப்ப... அண்டைக்கு நிலத்திலை படுத்துக் கிடக்கேக்கை கேட்ட வெடி, அது நீங்கள் செய்ததோ?"

"சிலது."

ஞானேஸ்வரி எழுந்து அறைக்குள் போனார். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. தவராஜா குழம்பை மூடிவைத்தார், கோப்பைகளைக் கழுவினார், கழுவியதையே மறுபடி கழுவினார். யன்னலுக்கு வெளியே ஆறு போய்க்கொண்டிருந்தது. வெயில் சுவரிலிருந்து நிலத்துக்கு இறங்கி நாற்காலிக் காலடிக்கு வந்தது. அவர் கதவைத் தட்டவில்லை. உள்ளே அழுகையும் கேட்கவில்லை. அந்த அமைதி, நிலவறை அமைதியைப் போன்றதல்ல.

மாலையாகும்போது கதவு திறந்தது. ஞானேஸ்வரி கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார்.

"வாங்கோ. காட்டுங்கோ எனக்கு."

நிலவறையில் அவர் எதையும் தொடவில்லை. தராசைப் பார்த்தார். சன்னத்தைக் கோதில் இறக்கும் அழுத்துப்பொறியைப் பார்த்தார். சுவரில் குத்தியிருந்த கடதாசிகளின் முன் நெடுநேரம் நின்றார்; புளி போட்டு மினுக்கியபின் ஓட்டைகள் சிதறிப்போனதைத் தவராஜா காட்டினார்.

"அங்காலை ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. கடதாசிதான். பின்னாலை மண்மேடு."

"ஆரும் மாறிக் குறுக்காலை போனால்?"

"போகேலாது. பாதையை மறிப்பினம். கொடி ஏத்துவினம். எந்த நாள், எத்தினை மணிக்கு எண்டு முதலே ஊர்ச்சபைப் பலகையிலை ஒட்டுவினம். அந்த நேரம் அந்தப் பக்கத்து வயலிலை மாடுகூட விடமாட்டினம்."

மாடு என்ற சொல் வாயிலிருந்து விழுந்தபின்தான் தவராஜாவுக்கு உறைத்தது. ஞானேஸ்வரி அசையாமல் நின்றார்.

"சொல்லிப்போட்டோ சுடுகினம்?" என்றார், மெல்ல.

"ஓம்."

"சொல்லிப்போட்டு..." முக்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கம்பளிச் சட்டைக் கைக்குள் புதைத்தார். வந்த நாளிலிருந்து தமையனுக்காக அவர் அழுததே இல்லை. தவராஜா அருகில் நின்றார். தொடலாமா என்று தெரியாமல் கை பாதி வழியில் நின்றது. அந்தக் கையை ஞானேஸ்வரியே பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

அப்போது படியில் காலடி கேட்டது. ஷ்டூடர் பாதியில் நின்று தொப்பியைத் தேடினார்; தலையில் தொப்பி இல்லை. திரும்பிப் போகப் பார்த்தவரை ஞானேஸ்வரி எழுந்து தடுத்தார்.

"கேளுங்கோ, புளியாலை பிழைச்சது என்னெண்டு. நான்தான் மினுக்கினன் எண்டும் சொல்லுங்கோ."

தவராஜா தன் உடைந்த ஜெர்மனில் சொன்னார். கிழவர் முதலில் அவரைப் பார்த்தார், பிறகு ஞானேஸ்வரியைப் பார்த்தார்.

"நீங்கள் செய்தது என்றல்லவா நினைத்தேன், ஹெர் தவராஜா?"

"நான், நீங்கள் செய்தது நினைத்தேன்."

"கண்ட அன்றே தெரியும், இது சரிவராது என்று. ஆனால் இவ்வளவு பாடுபட்டு மினுக்கியிருக்கிறீர்கள். எப்படிச் சொல்வது?"

"போட்டி?"

ஷ்டூடர் தோளைக் குலுக்கினார். போட்டியை விடுவதாகத்தான் இருந்தார் என்பது அந்தக் குலுக்கலில் தெரிந்தது. பிறகு ஒரு கோதை எடுத்து அதன் வாயை ஞானேஸ்வரிக்குக் காட்டி விளக்கினார். வாய்க்கு உள்ளே படியும் அந்தக் கரி வேண்டும். அது இருந்தால் சன்னம் எல்லாக் கோதிலும் ஒரே மாதிரி வழுக்கி வெளியேறும். வெறும் பித்தளை சன்னத்தைக் கவ்விக்கொள்ளும். ஒரு கோது இறுக்கமாய், இன்னொன்று இளக்கமாய். வெளியே எவ்வளவும் மினுக்கலாம், உள்ளே மட்டும் வேண்டாம்.

தவராஜா மொழிபெயர்த்தார். ஞானேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஊத்தையாய் இருந்தால்தான் நேராய்ப் போகுமோ? நல்ல சாமான்தான்." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "நீங்களும் நல்ல ஆள்தான். சங்கக்கடைச் சீனியிலை ஒருநாளும் காட்டாத நிறுவையை இஞ்சை வந்து காட்டுறியள்."

தவராஜா சிரித்துவிட்டார். ஞானேஸ்வரி என்ன சொன்னார் என்று ஷ்டூடர் கேட்டார். தவராஜாவால் சீனிவரைதான் ஜெர்மனில் சொல்ல முடிந்தது. ஆனாலும் கிழவர் சிரித்தார்.

கோதுகளைச் சாதாரண மருந்தில் ஒருமுறை சுட்டு வாயைக் கறுக்கப்பண்ணுவது என்று முடிவாயிற்று. அதற்கு ஒரு சனிக்கிழமை போதும். ஞானேஸ்வரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: சூடு தொடங்கும் நேரத்தில் கணவர் வீட்டில், தன்னோடு இருக்கவேண்டும். தவராஜா ஒத்துக்கொண்டார். அவர் செய்த குண்டுகள் சுடப்படுவதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அதனால்தான்.

முதற் சனி இருவரும் நிலத்தில்தான் இருந்தார்கள். ஆனால் படுக்கவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நேரம் நெருங்க, "இப்ப தொடங்குவினம்," என்றார் தவராஜா. தொடங்கிற்று. ஞானேஸ்வரியின் நகம் அவர் மணிக்கட்டில் பதிந்தது. அதற்கடுத்த சனி நாற்காலிக்கு வந்தார்கள். இன்னொரு சனி ஞானேஸ்வரி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். முதல் வெடிக்குக் கை நின்றது, பிறகு தொடர்ந்தது.

போட்டி நாள் யன்னலைத் திறந்து வைத்தது ஞானேஸ்வரிதான். அக்கரையில் மற்றப் போட்டியாளர்களின் கனத்த இராணுவத் துவக்குகள் மாறிமாறி முழங்கின. எது என்ன ஆயுதம் என்று சத்தத்தில் பிரித்தறியும் காது ஊரில் எல்லோருக்கும் வாய்த்திருந்தது, உயிர்தப்பக் கற்றுக்கொண்டது. அந்தக் காதைச் சற்றுச் சரித்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முழக்கங்களுக்கு நடுவே மெல்லியதாய், காய்ந்த சுள்ளி முறிந்ததுபோல் ஒன்று கேட்டது.

"இது எங்கடை," என்றார்.

இருவரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள்.

ஷ்டூடர் அந்தப் போட்டியில் ஒன்பதாவதாக வந்தார். மேலும் மூன்று ஆண்டுகள் சுட்டு, கண் மங்கியபின் நிறுத்திக்கொண்டார். தொண்ணூற்றாறில் ஒரு முதியோர் இல்லத்தில் இறந்தார். துவக்கை அவருடைய தங்கை மகள் எடுத்துக்கொண்டார். அவர் இன்னும் சுடுகிறார். மகேஸ்வரன் கனடாவுக்குப் போய் அங்கே பலசரக்குக் கடை வைத்தான். தவராஜாவுக்கும் ஞானேஸ்வரிக்கும் வதிவிட அனுமதி கிடைத்தது. அவர்கள் ஷ்லீரனுக்கு மாறினார்கள். தவராஜா ஒரு தொழிற்சாலையிலும் ஞானேஸ்வரி ஒரு முதியோர் இல்லத்திலும் வேலை செய்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். தவராஜா அதற்குப் பிறகு குண்டு நிரப்பவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நித்திரையில் காலமானார். ஞானேஸ்வரி மூத்த மகளோடு லுசேர்ணில் இருக்கிறார்.